உப்பு ஏறிப்போச்சு

டாக்டர் என் சாப்பாட்டிலிருந்து உப்பை எடுத்த அதே வருஷம்தான் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு வாளி உப்பு வந்து சேர்ந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த வாளியைத் தொடர்ந்து நடந்ததை நினைத்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

முதலில் எங்கள் பக்கத்தில் உப்பு என்ற சொல் படும் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். குழம்பில் போடுவது உப்பு. போர்வெல் குழாயில் வருவது உப்புத் தண்ணி, குடிக்கிற குழாயில் வருவது நல்ல தண்ணி. தண்ணீர் தேங்கிக் காய்ந்த வயலில் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதும் உப்புதான். இவ்வளவும் போதாதென்று, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினினுக்கும் நம் ஜனங்கள் உப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டாக்டர் ஒருவர்தான் அதைக் கிரியேட்டினின் என்கிறார். தஞ்சாவூரில் அவருடைய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்பது, "உங்களுக்கு உப்பு எவ்வளவு இருக்கு?" என்றுதான். பரீட்சை எழுதிய பிள்ளைகள் மார்க் கேட்பது மாதிரி இருக்கும். கேட்டவரைவிட எனக்குக் குறைவு என்று தெரிந்தால் ஒரு அற்ப சந்தோஷம். என்னைவிடக் குறைவானவர் யாராவது வந்து உட்கார்ந்தால் அவர்மேல் காரணமில்லாத எரிச்சல்.

டாக்டர் அதிகம் பேசமாட்டார். முதல் நாள் என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்து அவர் சொன்னது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் அப்படியே மனப்பாடம். "இப்ப இருக்கிற அளவுல நின்னா மாத்திரையிலயே ஓட்டிடலாம். அது ஏறிப்போச்சுன்னா ஒண்ணு மிஷின், இல்லேன்னா மாத்திடறது. அந்த நெலமை வராமப் பாத்துக்கறது உங்க கையில இருக்கு."

மிஷின் என்றால் டயாலிசிஸ், மாத்துவது என்றால் வேறொருவருடைய சிறுநீரகம் என்பது வரை புரிந்தது. என் கையில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. திருவாரூரில் வீடு, நன்னிலம் தாலுகா ஆபீசில் சர்வேயர் வேலை. யார் வரப்பு யார் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து கல் நடச் சொல்வதுதான் என் பிழைப்பு. என் உடம்புக்குள்ளேயே ஒரு வரப்பு நகர்ந்துகொண்டிருந்தால் எதை வைத்து அளப்பது? வீட்டுக்கு வந்ததும் என் மனைவி உப்பு ஜாடியை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. ரெண்டு சமையல் செய்ய என்னால் ஆகாது, வைப்பதையெல்லாம் உப்பில்லாமல்தான் வைப்பேன், எனக்கு உப்பு வேண்டுமென்றால் என் தட்டில் போட்டுக்கொள்கிறேன் என்று அறிவித்தாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையில் அவள் தனியாகச் சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அதனால் நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

மீன் தொட்டி ஆசை வந்தது அதே ஆஸ்பத்திரியில்தான். காத்திருக்கும் கூடத்தின் மூலையில் ஒரு கடல் மீன் தொட்டி வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றும். டோக்கன் கூப்பிடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் மட்டும் என் உப்பு எவ்வளவு என்ற நினைப்பு வராது. பிறகு அந்த நிம்மதி வீட்டிலும் வேண்டும் போலத் தோன்ற ஆரம்பித்தது. மனைவியிடம் சொன்னபோது, மகள் ஓசூருக்குக் கல்யாணமாகிப் போனதிலிருந்து கூடத்தில் அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் இவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொண்டதே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. நோயாளி கேட்டதைத் தட்டக் கூடாது என்று நினைக்கிறாளோ என்று.

தஞ்சாவூரில் ஒரு சந்துக்குள் இருந்தது மீன் கடை. நடத்துபவர் ஒரு அம்மாள், தரங்கம்பாடிக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தொட்டி, மோட்டார், விளக்கு எல்லாம் மளமளவென்று எடுத்துவைத்துவிட்டார். கடைசியில் மூன்று வாளிகளைக் காட்டி, எந்த உப்பு வேண்டும் என்று கேட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

நீல மூடி போட்டது மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு. சிவப்பு மூடி போட்டதில் சுண்ணாம்புச் சத்தெல்லாம் கூடுதலாக இருக்கும், பவளம் வளர்ப்பவர்களுக்கு. வெள்ளை மூடியில் நல்ல கிருமிகளும் கலந்திருக்கிறதாம். உப்பில் எப்படிக் கிருமி உயிரோடு இருக்கும் என்று நான் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மூன்று மூடியையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் வெள்ளையாக, பார்த்தால் ஒரே மாதிரி, உப்புதான் இருந்தது.

"மீன் மட்டும்னா நீலம் போதும் சார். பின்னால பவளம் வெப்பீங்கன்னா செவப்ப வாங்கிடுங்க. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

பின்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாத வருஷம் அது. யோசித்துச் சொல்கிறேன் என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பெயர் கேட்க மறந்துவிட்டது. போனில் 'உப்பு தஞ்சாவூர்' என்று பதிந்துகொண்டேன்.

அதன்பிறகு ஒரு மாதம் போல எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆபீசில் ஒருவர், வேதாரண்யத்தில் உப்பு மலையாகக் குவிந்து கிடக்கும்போது வெளிநாட்டு வாளியை வாங்கப் பார்க்கிறாயே என்று திட்டினார். நியாயமாகத்தான் பட்டது. கடைக்காரம்மாளிடம் கேட்டேன். உப்பளப் பாத்தியில் விளைவது சாப்பாட்டு உப்பு, கடலில் இருக்கும் மற்றதெல்லாம் உப்பு விளைந்தபின் மிஞ்சும் தண்ணீரோடு போய்விடும், மீனுக்கு அது பற்றாது என்றார். சரி, உப்பே வேண்டாம், பூம்புகார் போய்க் கேன் கேனாகக் கடல் தண்ணீரையே கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். ஆற்றுத் தண்ணீர் கலக்கிற இடம், மழை பெய்தால் ஒரு அளவு, வெயில் அடித்தால் ஒரு அளவு, வயலுக்கு அடித்த மருந்தும் படகு டீசலும் சேர்ந்து வரும், உங்கள் இஷ்டம் என்றார். உங்கள் இஷ்டம் என்று சொல்கிற கடைக்காரர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. நம் இஷ்டம் என்னவென்று தெரிந்தால் நாம் ஏன் அவர்களிடம் போய் நிற்கப்போகிறோம்?

வீடியோ பார்த்தால் இன்னும் மோசம். ஒருவர் இந்த உப்பைப் போல் உலகத்தில் இல்லை என்று வாளியைத் தட்டித் தட்டிப் பேசுவார். அடுத்த வீடியோவில் இன்னொருவர் அதே வாளியைக் காட்டி, இதனால்தான் என் மீன்களெல்லாம் போயின என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நடுவில் என் மைத்துனர் ஒருநாள் வந்தார். மனைவிக்கு அண்ணன், எதற்கும் கையோடு மருந்து வைத்திருப்பவர். இரண்டு பொட்டலம் இந்துப்பு கொண்டுவந்து வைத்தார். ஒன்று எனக்கு, ஒன்று மீனுக்கு. இது மலையில் வெட்டி எடுத்தது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றார். டாக்டரிடம் கேட்டேன். "அதுவும் உப்புதாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கடைக்காரம்மாளிடம் கேட்டேன். "அதுல வெறும் உப்புதான் சார் இருக்கு. வெறும் உப்பப் போட்டாக் கடலாயிடுமா?" என்றார். ஒருவர் எல்லா உப்பும் உப்புதான் என்கிறார். இன்னொருவர் உப்பு மட்டும் இருந்தால் உப்பே இல்லை என்கிறார். ரயிலில் திரும்பி வரும்போது நீடாமங்கலம் வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள் என்று வேறு தோன்றியது. அதுதான் பெரிய வேதனை.

கடைசியில் சிவப்பு மூடியை வாங்கினேன். பவளம் வைக்கப் போகிறீர்களா என்று அந்த அம்மாள் கேட்டபோது, ஆமாம், பின்னால் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பவளத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பின்னால் என்று ஒன்று இருக்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

தொட்டி வந்தது. தண்ணீர் ஓடவிட்டு, பொறுமையாகக் காத்திருந்து, இரண்டு ஆரஞ்சு மீன்களையும் கொண்டுவந்து விட்டேன். கூடத்தில் விளக்கு எரிய, மோட்டார் முனக, அவை இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றின. என் மனைவி துணி மடிக்கிற சாக்கில் தொட்டிக்கு எதிரே உட்கார ஆரம்பித்தாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தொட்டியிலிருந்து எடுக்கிற தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கொல்லைப் பக்கம் போகக் கூடாது. அவள் நன்னிலத்துப் பக்கம் வயல்காட்டில் பிறந்தவள். வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் உப்புத் தண்ணீர் என்றாலே அவளுக்குக் கை கால் பதறும். நான் வாளியைச் சுமந்துகொண்டு தெருச் சாக்கடை வரை போய் ஊற்றிவிட்டு வருவேன்.

உப்பின் அளவைப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். தண்ணீரை மொண்டால் உள்ளே ஒரு முள் ஏறி நிற்கும். நான் கருவியோடு பிழைக்கிறவன், ஆனால் இந்த முள்ளை என்னால் நம்பமுடியவில்லை. ஒருமுறை பார்த்தால் சரி என்னும், தட்டிவிட்டுப் பார்த்தால் குறைவு என்னும், துடைத்துவிட்டுப் பார்த்தால் முதலில் காட்டியதைக் காட்டும். இதற்கிடையில் வெயில் காலம் ஆரம்பித்தது. தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. போனது உப்புத் தண்ணீர், ஆகவே ஊற்ற வேண்டியதும் உப்புத் தண்ணீர் என்று கணக்குப் போட்டு, தவறாமல் உப்பைக் கரைத்து ஊற்றிவந்தேன். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயேதான் நிற்கும். காய்ந்த வயலில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்து உவர் நிலம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆளுக்கு இது தோன்றவில்லை. என்ன சொல்ல?

மீன்கள் சுணங்க ஆரம்பித்தன. சுற்றுவதை நிறுத்திவிட்டு மூலையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. தஞ்சாவூருக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நாள் வந்தது. ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு பாட்டிலில் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டியது. இரண்டும் ஒரே பைக்குள். எது எது என்று வழியெல்லாம் சந்தேகமாகவே இருந்து, சாலியமங்கலத்தில் ஒருதரம் எடுத்துப் பார்த்து, எதிர் சீட்டுக்காரர் முறைத்ததும் உள்ளே வைத்துவிட்டேன். நல்லவேளை, அதது போகவேண்டிய இடத்துக்கே போனது. ஆஸ்பத்திரியில், டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், வந்து பார்த்ததும் கூப்பிடுவோம் என்றார்கள். கடைக்காரம்மாளும் வேலை முடிந்ததும் பார்த்துவிட்டுப் போன் செய்கிறேன் என்றார்.

மறுநாள் பட்டா தகராறு ஒன்றை அளக்கப் போனேன். போனைச் சார்ஜில் போட்டது போட்டபடி வீட்டிலேயே விட்டுவிட்டேன். சாயங்காலம் திரும்பியபோது மனைவி கூடத்தில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் மடிக்கிற துணி இல்லை. யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வத்தக்குழம்பு வைத்தாள். வாயில் போட்டதும் திடுக்கிட்டேன். உப்பு இருந்தது. அதோடு ஒரு பொரித்த அப்பளம் வேறு. அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் மோர் எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள். ஞாபக மறதியாகப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, எங்கே கிண்ணத்தைத் திரும்ப வாங்கிவிடப்போகிறாளோ என்று அவசர அவசரமாகச் சாப்பிட்டேன். என் புத்தி அப்படித்தான் போயிற்று.

ஆனால் அதோடு நிற்கவில்லை. அவள் போக்கே எனக்கு விளங்கவில்லை. என் கையிலிருந்து தண்ணீர் வாளியைப் பிடுங்கி, கனமான எதையும் தூக்காதீங்க என்றாள். கேட்காமலே என் தலையணை உறையை மாற்றினாள். மீன் வாடுவதைச் சொல்லி, சிவப்பு மூடி வாங்கியதுதான் தப்போ, நீலமாக மாற்றிவிடலாமா என்று நான் புலம்பியபோது, "எல்லாம் மாத்திடலாம், கவலப்படாதீங்க" என்றாள். எதை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று எழுந்து போனாள். மகள் வீட்டில் ஏதாவது பிரச்சினையோ, என்னிடம் மறைக்கிறாளோ என்று மகளுக்குப் போன் செய்தேன். அங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவைப் பற்றிக் கேட்டால் அம்மாவும் சௌக்கியம் என்றாள்.

இப்படியே மூன்று நாள் போனது. சனிக்கிழமை டெய்லரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனவள் திரும்பி வந்தபோது, முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. ரத்தம் எடுத்த அடையாளம் எனக்குத் தெரியாதா? கேட்டதற்கு, சும்மா சுகர் பார்த்தேன், இந்த வயசில் பார்த்துக்கொள்ள வேண்டும்தானே என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அவளுக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது, என் நிலைமையைப் பார்த்துச் சொல்லாமல் இருக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அன்றைக்கு என் உப்பும் மறந்துவிட்டது, மீனும் மறந்துவிட்டது. நான் முந்திக்கொண்டால் பரவாயில்லை, அவள் படுத்துக்கொண்டால் என்ன செய்வேன் என்ற பயம். அவளிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை. நான் கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் கடைத்தெருவுக்கு இன்னொரு தரம் போய்விட்டு வந்தாள். நான் தொட்டிப் பக்கம் போனால், இரண்டு மீன்களில் சின்னது தரையோடு சாய்ந்து கிடந்தது. உயிர் இருந்தது, செவுள் மட்டும் அடித்துக்கொண்டது. கடைக்காரம்மாள்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பார்த்துச் சொல்கிறேன் என்றவர் ஒரு போன் செய்யவில்லையே என்று நானே கூப்பிட்டேன். மீனைப் பார்த்துக்கொண்டே பேச வசதியாக ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டி மேல் வைத்துவிட்டுப் பேசினேன். கொஞ்சம் சத்தமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "நான் மறுநாளே பண்ணினேனே சார். உங்க வீட்லதான் எடுத்தாங்க. உப்பு ரொம்ப ஏறிப்போச்சு, இதுக்கு மேல தாங்காது, மாத்திடறதுதான் நல்லது, முழுசா வேணாம், மொதல்ல பாதி மாத்தினாப் போதும்னு சொன்னேன். ஆபத்து இருக்கான்னு கேட்டாங்க. பதறாம செஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னேன். சொல்லலியா?"

அடுக்களை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் வந்த ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போனில் வந்த பெயர் 'உப்பு தஞ்சாவூர்.' பேசியது ஒரு பெண் குரல். முந்தின நாள்தான் நான் தஞ்சாவூரில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உப்பு ஏறிப்போச்சு என்கிறது அந்தக் குரல். மாற்ற வேண்டும் என்கிறது. பாதி மாற்றினால் போதும் என்கிறது. மனுஷனுக்கு இருப்பது இரண்டு சிறுநீரகம்.

அந்த அம்மாள் லைனில் இருக்கும்போதே அவள் என்னிடம் கேட்டாள். "மீனுக்கா?"

"மீனுக்குத்தான்."

"உங்களுக்கு இல்ல?"

"எனக்கு இன்னும் யாருமே போன் பண்ணலியே."

அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். என்ன பேர் வைத்திருக்கிறீர்கள், கடைக்குக் கடை என்று போடத் தெரியாதா, மனுஷி நாலு நாளாகத் தூங்கவில்லை, ஒரு வேளையாவது ருசியாகச் சாப்பிடட்டும் என்று குழம்பில் உப்பைக்கூடப் போட்டேன், நீங்கள் பாட்டுக்கு மீன், மூடி என்று பேசிக்கொண்டு திரிகிறீர்கள் என்று பொரிந்து தள்ளிவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று அதையும் ஸ்பீக்கரில் போட்டேன். ரிசல்ட் வந்து கிடக்கிறது, போன தடவை இருந்த மாதிரியேதான் இருக்கிறது, டாக்டர் வந்ததும் அதே மாத்திரையைத்தான் எழுதுவார் என்றார்கள். ஏறவில்லையே என்று இரண்டு முறை கேட்டேன். ஏறவில்லை என்று இரண்டு முறை சொன்னார்கள்.

அப்புறம்தான் அந்தப் பஞ்சு ஞாபகம் வந்தது. எதற்காக ரத்தம் எடுத்தாய் என்று கேட்டேன். அவள் தொட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். பிறகு, ஏதோ கடையில் வாங்கிய சாமானைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"என் உப்பப் பாத்துட்டு வந்தேன். நல்லா இருக்காம். இன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க. உங்க குரூப்பும் என் குரூப்பும் ஒண்ணுதான், அது பிரசவத்தப்பவே தெரியும். என் பக்கம் சரியா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இல்லேன்னா நீங்க பயந்துக்குவீங்க."

இப்போது வேண்டியதில்லையே என்று ஏதோ உளறினேன். "இப்ப வேணாம்னா போகட்டும். வேணும்ங்கிறப்ப வேற யாரையும் தேடிக்கிட்டு நிக்கவேணாம், அவ்வளவுதான்" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எந்த வாளி, எந்த மூடி என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். அவள் ஒரு போன் வந்ததும் யாரிடமும் யோசனை கேட்காமல் முடிவெடுத்துவிட்டிருந்தாள்.

சாயங்காலம் கடைக்காரம்மாள் சொன்னபடி, மறுநாள் மாற்றுவதற்காக ஒரு வாளி நல்ல தண்ணியில் உப்பைக் கொஞ்சம் குறைவாகக் கரைத்து வைத்தேன். காலையிலேயே தொட்டியில் கொஞ்சம் நல்ல தண்ணி ஊற்றியதில் சின்ன மீனும் எழுந்து தள்ளாடி நீந்த ஆரம்பித்திருந்தது. என் மனைவி வந்து பக்கத்தில் குந்தினாள். கருவியின் முள் வழக்கம்போல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவள் அதைப் பார்த்து அலுத்துப்போய், ஒரு விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தாள். சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்பு ருசியே நாக்குக்கு மறந்துபோச்சு" என்றாள்.

"நீதான் தட்டுல போட்டுக்கறேன்னியே."

"போட்டுக்கலாம்னுதான் நெனச்சேன். நீங்க அந்தச் சாப்பாட்ட சாப்பிட்டுட்டு எழுந்து போறதப் பாத்தா, போட்டுக்கத் தோணல."

நான் குனிந்து வாளியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். உப்பு எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.